விடுதிக்கு ஒரு விடை இலக்கணம்

தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வடபுலத்துப் பல்கலைக் கழக விடுதி ஒன்றில் வந்து சேரும் மாணவர், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளுமுன்பே பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஊர் எது, அப்பாவுக்கு என்ன உத்தியோகம், சம்பளம் எவ்வளவு, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, சைவமா அசைவமா! கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் செங்கற்பட்டு தாண்டுவதற்குள் இவ்வளவையும் கேட்டு முடித்து, முறுக்குப் பொட்டலத்தையும் நீட்டுகிறார் அல்லவா? அத்தகைய விசாரிப்பில் அன்பும் கலந்திருக்கிறது. அதற்கு முகஞ்சுளித்தல் அழகன்று.

ஆனால் சில கேள்விகள், நம்மை எந்தத் தட்டில் வைப்பது என்று பார்ப்பதற்காகவே கேட்கப்படுகின்றன. அவற்றுக்கு விடை சொல்லவும் மனம் வருவதில்லை. சொல்லாமல் இருக்கவும் துணிவு வருவதில்லை.

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த நன்னூல் இங்கே கைகொடுக்கும். பவணந்தியார் விடையை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேர்வழியில் செல்வன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்ற ஐந்தும் சுற்றுவழியில் போவன. எனினும் அவையும் விடைகளே என்று அவர் ஏற்றுக்கொண்டார். “ஆடுவாயா?” என்றால் “பாடுவேன்” என்பது இனமொழி விடை. ஆடப் போவதில்லை என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடுகிறது. ‘மாட்டேன்’ என்ற கடுஞ்சொல் மட்டும் இடையில் விழவில்லை.

இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க. இவ்வைந்தையும் நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தலாம். “உதவித்தொகை எவ்வளவு வருகிறது?” என்பாருக்கு, “சொன்னால் நாளைக்கே கடன் கேட்பீர்களே, அண்ணா!” என்பது உறுவது கூறல். ஆராய்ச்சி மாணவியைப் பார்க்கும்போதெல்லாம் “கல்யாணம் எப்போது?” என்று விசாரிக்கும் மாமிக்கு, “இன்னும் மூன்றாவது அத்தியாயத்திலேயே நிற்கிறேன், மாமி” என்பது உற்றது உரைத்தல். சிரித்துக்கொண்டே சொன்னால் மாமியும் சிரித்துவிடுவார். பொய் மட்டும் வேண்டாம். அறை நண்பனிடம் அது இரண்டு மாதங்கூடத் தாங்காது.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். “பூரா நாம் க்யா ஹை?” முழுப்பெயர் என்ன என்ற இக்கேள்வி வெறும் அறியா வினாவாகவும் இருக்கலாம். தமிழரிற் பெரும்பாலோர் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விட்டுவிடுமாறு தீர்மானித்தது; பின்னர் அவ்வழக்கம் தமிழகமெங்கும் பரவியது. ஆகவே, “இதுதான் முழுப்பெயர், முன்னெழுத்து அப்பாவுடையது” என்று தொடங்கி இக்கதையை விரிவாகவே சொல்லலாம். விண்ணப்பப் படிவத்தின் கட்டத்தை நிரப்ப அப்பாவின் பெயரை எழுதிவிட்டு, வகுப்பில் ஆண்டு முழுவதும் அப்பாவின் பெயராலேயே அழைக்கப்படும் நம் அவதியையும் சேர்த்துச் சொன்னால் சபை கலகலக்கும்.

கதை முடிந்த பின்னும் ஒருவர், “அது சரி, நீங்கள் என்ன சாதி?” என்றால்? அப்போது வினா எதிர் வினாதலே தக்கது. “எதற்காகக் கேட்கிறீர்கள்?” என்று குரலை உயர்த்தாமல் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது அவருடையது. சொல்ல விரும்புகிறவர் தாராளமாகச் சொல்லட்டும். எந்தப் பிறப்பிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை கேட்கப்பட்டவருடையது என்பதே நம் கட்சி.

“நுழைவுத் தேர்வில் என்ன ரேங்க்?” என்பது அதே கேள்வி வேறு சட்டை போட்டு வருவது. ரேங்க்கைக் கொண்டு ஒதுக்கீட்டுப் பிரிவைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். இதனால்தான் பம்பாய் ஐ.ஐ.டி. 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிறரின் சேர்க்கைப் பிரிவை மட்டுமன்றி, ஜே.இ.இ. ரேங்க்கையும் கேட் மதிப்பெண்ணையும் விசாரிப்பதும் தகாது என்று கூறியது. சாதி, மொழி, பிறந்த இடம் முதலியவற்றைக் காட்டி ஒருவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ராகிங்கே என்று, பல்கலைக் கழக மானியக் குழு 2016-இல் தன் விதிகளைத் திருத்தியது. இவ்விரண்டையும் புதிதாக வந்தவர் தெரிந்து வைத்திருத்தல் நல்லது. நகைச்சுவை செல்லாத இடத்தில் இவை செல்லும்.

வடவரை மட்டும் குறை கூறுவானேன்? இக்கலையில் வல்லவர் நம்மவரே. “எந்த ஊர், தம்பி?” என்று இனிக்க இனிக்கத் தொடங்கி, “அந்த ஊரில் எந்தத் தெரு?” என்று முடிப்பவரை யார்தான் சந்திக்கவில்லை? தெருவின் பெயர் கேட்பது கடிதம் போடுவதற்கா? முதுகைத் தட்டிக் கொடுப்பதுபோல் பூணூலைத் தடவிப் பார்ப்பவரும் உண்டு. தொலைவில் தமிழ்க்குரல் கேட்டு ஆவலோடு நம் சங்கத்துக்கு ஓடி வரும் முதலாண்டு மாணவன், இந்த ஒரு கேள்வியால் அடுத்த கூட்டத்துக்கு வராமற் போய்விடக்கூடும். அவனுக்கு உறுவது கூறலும் தெரியாது, இனமொழியும் கைவந்திராது. தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அருகில் நிற்கும் மூத்த மாணவர்கள் அந்த வேளையில் ஏவல் விடையைப் பயன்படுத்தலாம். “தெருவெல்லாம் இருக்கட்டும், அண்ணா, தம்பி இன்னும் சாப்பிடவில்லை, இலை போடச் சொல்லுங்கள்.”