கையெழுத்துக்குப் பின்

பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பது பல நாட்டுச் சட்டங்களின் பொதுவிதியாக இருந்தாலும், அமெரிக்கா 17 வயதிலும், பிரிட்டன் 16 வயதிலும், இந்தியா அக்னிபத் திட்டத்தின்கீழ் பதினேழரை வயதிலும் இளைஞர்களைப் படையில் சேர்த்துக்கொள்கின்றன. இம்மூன்று நாடுகளிலும் 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் கையெழுத்து கட்டாயம். இத்தகைய ஏற்பாட்டைச் சர்வதேசச் சட்டமும் ஏற்கிறது. ஆயுத மோதலில் சிறாரை ஈடுபடுத்துவது பற்றி ஐ.நா. பொதுச்சபை 2000-இல் நிறைவேற்றிய விருப்ப நெறிமுறை, அதாவது குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோடு இணைந்த துணை ஒப்பந்தம், 18 வயதுக்குட்பட்டோர் விரும்பிச் சேர்வதாயின் பெற்றோர் விவரமறிந்து ஒப்புதல் தரவேண்டும், பணியின் கடமைகளைச் சேர்பவருக்கு முழுமையாக விளக்கவேண்டும், நம்பத்தக்க வயதுச்சான்று பெறவேண்டும் என்று விதிக்கிறது.

சான்றைச் சரிபார்க்காத ஒப்புதல் வெறும் தாளே என்பதற்கு கால்வின் கிரஹாமின் வரலாறு போதும். 1942-இல் தாயின் கையெழுத்தைத் தானே போட்டு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 12. குவாடல்கனால் கடற்போரில் காயமுற்ற அச்சிறுவனின் உண்மை வயது வெளிப்பட்டபோது, பொய் கூறிச் சேர்ந்தான் என்று சிறையிலடைத்துப் பதக்கங்களையும் பறித்தது கடற்படை. அவனை எவ்வாறு ஏற்றுக்கொண்டோம் என்று அது தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனினும் யார் கையெழுத்திடுகிறார் என்பதைவிட, இட்டபின் விலக வழி உண்டா என்பதே முதன்மையான கேள்வி. ஒப்புதலின்றிச் சேர்ந்த சிறாரை 90 நாட்களுக்குள் திரும்பக் கேட்கும் உரிமையை அமெரிக்கச் சட்டம் பெற்றோருக்குத் தருகிறது. ஒப்புதல் தந்துவிட்டு மனம் மாறியவருக்கோ அவ்வுரிமை இல்லை. பிரிட்டனின் தரைப்படையில் முதல் 28 நாட்கள் கழிந்தபின், 18 வயது நிரம்பும்வரை, இளைஞர் தாமே முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். 18 வயது நிரம்பிவிட்டால் பொதுவாக 22 வயதுவரை பணியாற்றியாக வேண்டும். முடிவெடுத்தவருக்கே அம்முடிவை மாற்றும் உரிமையைத் தருவதால், மூன்று நாடுகளில் பிரிட்டனின் வழியே நேர்மையானது. ஆனால் 16 வயதிலேயே சேர்க்கும் நாடும் அதுவே என்பதை மறப்பதற்கில்லை. இந்தியாவில் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர் நான்காண்டுப் பணி முடியுமுன் சொந்த விருப்பத்தால் விலக, விதிவிலக்கான சூழல்களில் மட்டுமே அனுமதி உண்டு. பதினேழரை வயது மகனுக்காகத் தகப்பன் இடும் கையெழுத்து, அம்மகன் இருபத்தொரு வயதைக் கடக்கும்வரை அவனைக் கட்டுப்படுத்துகிறது.