துன்பம் ஓர் ஆசானா?

உலகம் ஆன்மா பக்குவப்படும் பயிற்சிக்கூடம். துன்பமின்றி அப்பக்குவம் வாராது என்னும் கருத்தை ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஹிக் 1966-இல் நூலாக எழுதினார். நம் வள்ளுவரும் தவம் என்னும் 27ஆம் அதிகாரத்தில் நெருப்பிலிட்ட பொன்னை உவமை காட்டுகிறார். ஆயினும் அது தானே விரும்பி ஏற்ற நோன்பு. இரவச்சம் பேசும் 107ஆம் அதிகாரத்திலோ, இரந்து வாழும் நிலையை விதித்தவனையே சபித்துவிடுகிறார்! பட்டினி மனிதனைப் பண்படுத்தும் என்று சமாதானம் சொல்லவில்லை.

இவ்வேறுபாட்டைக் காண அருள்புரத்தார் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்தி அடிபட்டு மாண்ட குமரன் தம் துன்பத்தைத் தாமே தேர்ந்துகொண்டார். நொய்யற்கரை உழவர் தேர்ந்தாரில்லை. பாசனத்திற்கென 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பேறின, நிலம் கெட்டது. அணைநீரால் வாழவேண்டியவர்கள் நீதிமன்றப் படியேறினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னரே, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறை இங்கு வேரூன்றியது.

திருப்பூர் பாடம் கற்றது என்கிறோம், மெய்தான். ஆனால் கற்றவர் ஒருவர், கட்டணம் செலுத்தியவர் வேறொருவர் அன்றோ?

பிறர் துயர் கண்டே நெஞ்சில் இரக்கம் பிறக்கிறது என்று ஹிக் தரப்பினர் விடை கூறலாம். அப்படியாயின் முதற் கிணறு கெட்டபோதே அது பிறந்திருக்க வேண்டும். இங்கே நீதிமன்ற ஆணைதான் முதலில் வந்தது.