மிதியை அழுத்தினால் கார் ஏன் தயங்குகிறது?



பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஐயா, சூலியா தெருவில் வண்டி பிரமாதமாகப் போகிறது. பாலத்துக்குப் போகும் வழியில் மிதியை அழுத்தினால் மட்டும் மூச்சடைத்தாற்போல் ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஏன்?"

சூலியா தெருவில் நாகூர் தர்காவைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை பிரேக் போடுகிறோம்! அங்கே இன்ஜினுக்குக் கொஞ்சம் காற்று போதும். பினாங்கு பாலம் அப்படியல்ல. நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் இணைகிறீர்கள். பின்னால் லாரி 80-இல் வருகிறது. வண்டி இரண்டு நொடி தயங்கினால் அந்த லாரி 22 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பாலம் திறந்த அதே 1985-இல்தான் புரோட்டோன் சாகாவும் வந்தது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இரண்டு தொண்டை உள்ள கார்புரேட்டர்தான். முதல் தொண்டை சிறியது. மிதியோடு கேபிளால் இணைந்தது. நகர ஓட்டத்துக்கு அது போதும். இரண்டாவது தொண்டை அதிக வேகத்துக்கும் பாரத்துக்கும் உரியது. பல கார்புரேட்டர்களில் இதை உங்கள் கால் திறப்பதில்லை. காற்றின் உறிஞ்சல்தான் திறக்கிறது.

எப்படி? குழாயின் குறுகலான இடத்தில் காற்று வேகமாக ஓடும். அங்கே அழுத்தம் குறையும். இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரியின் பெயரால் வழங்கும் தத்துவம் இது. முதல் தொண்டையில் காற்றோட்டம் கூடக்கூட இந்த உறிஞ்சலும் கூடும். அது ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். சவ்வை எதிர்த்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். உறிஞ்சல் ஜெயித்தால் இரண்டாவது தொண்டை மெல்லத் திறக்கும். அதாவது, இன்ஜின் பசித்துக் கேட்டால்தான் சோறு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி தயங்கினால், "இரண்டாவது தொண்டை சீக்கிரம் திறக்கவில்லை" என்று நினைத்து ஸ்பிரிங்கைத் தளர்த்துவார்கள். சிலர் கம்பி வைத்துக் கட்டி, மிதியோடு சேர்த்தே திறக்க வைப்பார்கள். விளைவு நேர்மாறானது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பெரிய தொண்டை திறந்தால் காற்றின் வேகம் படுத்துவிடும். வேகமில்லாத காற்று பெட்ரோலை இழுக்காது. வெறும் காற்று உள்ளே போகும்; வண்டி திணறும்.

ஆகவே, தயக்கம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்.

மிதியைத் தொட்டவுடன் தயங்கினால் இரண்டாவது தொண்டையைச் சந்தேகிக்க வேண்டாம். இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள்; பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, லீவரை அசைத்தபடி தொண்டைக்குள் பாருங்கள். அசைத்த அக்கணமே பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் எக்ஸலரேட்டர் பம்ப் பழுது, அல்லது துவாரம் அடைப்பு. அது சரியாக இருந்தால், வெடித்த வேக்குவம் குழாய்களையும், பிறகு இக்னிஷன் டைமிங்கையும் பாருங்கள்.

நன்றாகக் கிளம்பி, பாதி வேகத்தில் திணறினால் இரண்டாவது தொண்டை முந்திக்கொண்டு திறக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஹோலி போன்ற அமெரிக்கக் கார்புரேட்டர்களுக்கு நிறம் பிரித்த ஸ்பிரிங்குகள் உண்டு. வெள்ளை மிக மென்மை, கறுப்பு மிகக் கடினம். திணறினால் ஒரு படி கடினமானதைப் போடுங்கள். ஒவ்வொரு படியாகத்தான் மாற்ற வேண்டும். ஜப்பானியக் கார்களின் கார்புரேட்டரில் பொதுவாக இந்த வசதி இல்லை. சுத்தம் செய்து, தேய்ந்த பாகத்தை மாற்றுவதே வழி.

தயக்கமே இல்லை, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் சவ்வு கிழிந்திருக்கலாம். இன்ஜின் அணைந்த நிலையில் இரண்டாவது தொண்டையைக் கையால் திறந்து, உறிஞ்சல் வரும் துவாரத்தை விரலால் மூடிக் கையை விடுங்கள். திறந்தபடியே நின்றால் சவ்வு நலம். உடனே மூடிக்கொண்டால் காற்று கசிகிறது.

இன்னொன்று. வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் முறுக்கிப் பார்த்துவிட்டு, "இரண்டாவது தொண்டை திறக்கவே இல்லை" என்று பயப்படாதீர்கள். பாரம் இல்லாதபோது இன்ஜின் அவ்வளவு காற்றைக் கேட்காது. அது திறக்காமல் இருப்பதுதான் இயல்பு.

இன்றைய புதுக் கார்களில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைக் கணினி அளந்து கொடுக்கிறது. ஆனாலும் அப்பா வாங்கிய வண்டியைப் பிரிய மனமில்லாமல் ஓட்டுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கார்புரேட்டரையே மாற்றப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் பம்ப், குழாய், சவ்வு, ஸ்பிரிங் நான்கையும் பாருங்கள். சரிசெய்த பிறகு வெறிச்சோடிய சாலையில் ஓட்டிப் பாருங்கள். பாலத்தில் வேண்டாம். அங்கே லாரி காத்திருக்காது.