லாரியின் முன்சக்கரமும் சாலையில் செல்வோர் உயிரும்

கரும்பு வெட்டும் பருவத்திலும் நெல் அறுவடைக் காலத்திலும் நமது கிராமச் சாலைகளில் பழைய லாரிகள் ஓயாது ஓடுகின்றன. பால் கொண்டு செல்பவரும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவரும் அதே சாலையில்தான் மோட்டார் சைக்கிளில் போகின்றனர். லாரியின் முன்பாகம் தளர்ந்து, வண்டி தடம் விலகுமானால், பெருந்துன்பம் அடைபவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்துள்ள லாரி ஓட்டுநர் அல்லர். எதிரே இரு சக்கரத்தில் வருபவரே ஆவார். ஆகவே, லாரியைச் செப்பனிடுவது அதன் சொந்தக்காரரின் காரியம் மட்டுமே என்று நாம் ஒதுக்கிவிடலாகாது.

முன்பாகம் தளர்வது எவ்வாறு?

பழைய லாரிகள் பெரும்பாலானவற்றில் முன் அச்சு ஒரே உத்தரமாக அமைந்திருக்கும். அதன் இரு முனைகளிலும் ‘கிங் பின்’ எனப்படும் தடித்த எஃகு முளை உண்டு. கீலில் கதவு திரும்புவதுபோல், இம்முளையைச் சுற்றியே சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. இரு சக்கரங்களையும் ஒருசேரத் திருப்புவது ‘டை ராடு’ என்னும் இணைப்புத் தண்டு. கிரீஸ் வற்றிப் புழுதி புகுந்தால், முளையும், அதனைச் சூழ்ந்த ‘புஷ்’ என்னும் உலோகக் குழலும், தண்டின் மூட்டுகளும் தேய்கின்றன.

இத்தேய்மானம் ஒரே நாளில் நேர்வதன்று. முன்னறிவிப்புக் கொடுத்தே வருகிறது. ஸ்டியரிங்கைச் சிறிது சுற்றிய பின்னரே வண்டி திரும்புதல், நேரான சாலையிலும் வண்டி அலைதல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் நடுங்குதல், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின் மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகலாகாது. பின்னர், சக்கரத்தின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பழுது சக்கரத்தின் பேரிங்கில் உள்ளது; நிற்காவிட்டால் கிங் பின்னில் உள்ளது. பேரிங் சரியாக இருந்தும், சக்கரத்தின் இரு பக்கங்களைப் பிடித்து அசைக்கையில் ஆட்டம் காணுமாயின், டை ராடு மூட்டை ஆராய வேண்டும்.

தேய்ந்த முளையையும் குழலையும் சேர்த்தே மாற்றுவது முறை. இரு பக்கமும் ஒருங்கே மாற்றுவது நலம். வளைந்த டை ராடையோ ஸ்டியரிங் கையையோ நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும், விரிசலைப் பற்றவைத்து ஓட்டுவதும் பேராபத்து. கழற்றிய பழைய ‘ஸ்பிளிட் பின்’னை மறுபடி பூட்டலாகாது. வேலை முடிந்ததும் சக்கரங்களின் நேர்மையை அளந்து சரிசெய்தல் வேண்டும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது அச்சை உயர்த்தி வைத்தால், சுமை தாங்கும் பரப்பிலும் கிரீஸ் பரவும்.

காரும் மோட்டார் சைக்கிளும்

மோதல் நேர்ந்தால் காரின் முன்பகுதி நசுங்கித் தாக்குதலின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இருக்கைப் பட்டை அமர்ந்தவரைப் பிடித்து நிறுத்துகிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு இவ்விரண்டும் இல்லை. அவர் தூக்கி எறியப்படுகிறார். மேலும், காரைச் சற்றே வழுக்கச் செய்யும் மணலும் வைக்கோலும் இரு சக்கர வண்டியைக் கவிழ்த்துவிடும்.

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். நம் நாட்டு வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வண்டிகளே என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். எனினும், ஓடிய தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் உண்மை மாறுவதில்லை. அமெரிக்காவில் அதே ஆண்டில், சமமான தூரத்திற்கு, காரில் சென்றோரைவிட மோட்டார் சைக்கிளில் சென்றோர் இருபது மடங்குக்கும் மேலாக உயிரிழந்தனர்.

எல்லோரும் கார் வாங்குதல் இயலாது. ஆனால் தலைக்கவசம் எல்லோராலும் அணிய இயலும். 2022-இல் நம் நாட்டில் தலைக்கவசமின்றி மாண்டவர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 100-க்கு 40 அளவு குறைக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, தாடைப் பட்டையை இறுகப் பூட்ட வேண்டும். பட்டை பூட்டாத கவசம் மோதலில் கழன்று ஓடிவிடும்.

ஊராட்சி செய்யத் தக்கவை

அறுவடைக்கு முன்னரே, ஊரில் உள்ள லாரி, டிராக்டர் சொந்தக்காரர்களை ஒரு நாள் கூட்டி, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு முன்பாகங்களைச் சோதிக்கச் செய்யலாம். தார்ச்சாலையில் நெல் உலர்த்துவதைத் தவிர்க்கப் பொதுக்களம் அமைத்துத் தரலாம். டிரெய்லர்களின் பின்புறம் ஒளி திருப்பும் பட்டை ஒட்டச் செய்யலாம்.

ஒரு கிங் பின்னின் விலை பெரிதன்று. அதைக் காலத்தில் மாற்றாமையால் ஒரு குடும்பம் உழைப்பாளியை இழக்குமாயின், அவ்விழப்பை எந்த ஊராட்சியாலும் ஈடுசெய்ய இயலாது. இவ்வாண்டு அறுவடை தொடங்குமுன் இச்சோதனையை ஒவ்வோர் ஊரும் மேற்கொள்ளுமாக.