வைக்கோலைக் கரைக்கும் உப்பு

திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிய ஏரிப்பாசன கிராமங்களில் சொர்ணவாரி அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால் வைக்கோல் நனைந்து வீணாவது குடியானவர் யாவரும் அறிந்ததே. அவ்வைக்கோலிலிருந்து துணிநூல் எடுக்கலாமென்ற பேச்சு இக்காலத்தில் அடிபடுவதால், அதன் உண்மையை ஆராய்தல் தகும்.

வைக்கோலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு செல்லுலோஸ். பருத்திப் பஞ்சும் அப்பொருளே. அதன் நீண்ட சங்கிலிகள் முறுக்கிய பழுதையைப்போல் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் அது தண்ணீரில் கரையாது. மரக்கூழிலிருந்து ரேயான் நூல் செய்யும் விஸ்கோஸ் ஆலைகள் இதற்கென உபயோகிக்கும் கார்பன் டைசல்பைடு மிக்க நச்சுத்தன்மையுடையது.

இதற்கு மாற்றாக வந்தவை அயனித் திரவங்கள். இவையும் உப்புகளே. சமையலுப்பின் இரு கூறுகளும் ஒழுங்காய் அடுக்கிய செங்கல்போல் நெருங்கி நிற்பதால் அது உருக 801 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். ஒரு கூறு பெரிதாயும் கோணலாயும் இருப்பின் அடுக்கு இறுகாது. அவ்வுப்பு 100 டிகிரிக்குள் உருகிவிடும். இவ்வகை உப்பொன்று செல்லுலோஸைக் கரைப்பதற்கு 1934-ம் ஆண்டிலேயே கிரேனாக்கர் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 2002-ம் ஆண்டில் அலபாமா சர்வகலாசாலையில் ரோஜர்ஸ் குழுவினர் இமிடசோலியம் குளோரைடில் 100 டிகிரியில் நூற்றுக்கு 10 பங்கு செல்லுலோஸைக் கரைத்துக் காட்டினர்.

எல்லா அயனித் திரவமும் இதைச் செய்வதில்லை. குளோரைடு சிறியது; மின்னேற்றம் செறிந்தது. ஆகவே சங்கிலிகளின் பிடிப்பைத் தான் பற்றிக்கொண்டு அவிழ்க்கிறது. ஹெக்ஸாபுளூரோபாஸ்பேட்டோ பெரியது, ஏற்றம் பரவி நிற்பதால் அதற்குப் பிடியில்லை. மற்றக் கூற்றின் வால் நான்கு கரி அணு நீளமாயின் நன்று. ஆறு, எட்டு என நீண்டால் கரைக்கும் ஆற்றல் குறைகிறது. அசிட்டேட்டும் நன்கு கரைக்கும். குளோரைடைப்போல் பாகாய்த் தடிப்பதில்லை.

இதற்குப் பெரும்பகை ஈரமே. திரவத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் ஜலம் சேர்ந்தால், குளோரைடு ஜலத்தையே பற்றிக்கொள்ளும், செல்லுலோஸ் கரையாது. கரைந்ததைத் திரும்பப் பெறவும் ஜலத்தையே ஊற்றுகின்றனர் என்பது வேடிக்கை. பின்னர் அந்த ஜலத்தை ஆவியாக்கி உப்பை மீட்க வேண்டும். விறகுச் செலவு அங்கேதான். உப்பின் விலையோ வைக்கோலின் விலையைவிடப் பன்மடங்கு. வைக்கோலிலுள்ள மணற்சத்தையும் லிக்னினையும் முன்னரே நீக்கியாக வேண்டும்.

எனவே இதை நம்பி எவரும் மாட்டுத் தீவனத்தைக் குறைத்தலாகாது. முன்பணம் கேட்போரிடம் ஏமாறலும் கூடாது. வருங்காலத்தில் ஆலை வருமாயினும் காய்ந்த வைக்கோலுக்கே மதிப்பிருக்கும். போரை மேட்டுநிலத்தில், அடியில் கட்டை பரப்பி, மழை வழிந்தோடும்படி கூம்பாக வேய்வது தீவனத்திற்கும் அதற்கும் ஒன்றே.