நாரி நோவும் பயந்த நடையும்

சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வெளியே வருகிறவர்களைக் கவனியுங்கள். நீண்டகால நாரி நோவுக்காரரை நடையே காட்டிக் கொடுத்துவிடும். பின்னாலிருந்து யாரும் ஸலாம் சொன்னால் தலையை மட்டும் திருப்ப மாட்டார். முழு உடம்போடு திரும்பி நின்றுதான் பதில் சொல்வார். எட்டு சின்னது, கைவீச்சு குறைவு.

சாதாரணமாக நடக்கையில் இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, நெஞ்சு எதிர்ப்பக்கம் திரும்பும். வேகம் கூடினால் இந்த எதிர்த்திருப்பமும் கூடும். நாட்பட்ட நோவுள்ளவர்களிடம் இது குறைகிறது: நெஞ்சும் இடுப்பும் ஒரே பலகைபோல் சேர்ந்து திரும்புகின்றன, முதுகுத் தசைகள் ஓய வேண்டிய நேரத்திலும் இறுகியே இருக்கின்றன.

நோவு மட்டுமா காரணம்? 'குனிஞ்சா டிஸ்க் விலகிரும்', 'நடந்தா இன்னும் தேஞ்சிரும்' என்ற பயமும் கூடவே நடக்கிறது. அசைவுக்கான இந்தப் பயத்தை மருத்துவம் கினிசியோஃபோபியா என்கிறது. அதை அளக்க 17 கேள்விகள் கொண்ட 'டம்பா' அளவுகோல் இருக்கிறது.

பயம் நடையை உடனே மாற்றிவிடுமா என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நோவில்லாத ஆட்களின் முதுகுத் தசையில் உப்புநீர் ஏற்றி நோவை உண்டாக்கினார்கள்; இன்னொரு தடவை மின்னதிர்ச்சி வரும் என்று பயமுறுத்தி நடக்க விட்டார்கள். 2004இல் வெளியான முடிவு: தசையின் வேலை சற்று மாறியது, நடையின் மொத்த வடிவம் மாறவில்லை. ஆக, பள்ளி வாசலில் நாம் பார்க்கும் அந்த விறைப்பு ஒரே நாளில் வந்ததல்ல, நோவு நீடிக்க நீடிக்க உடம்பு பழகிக்கொண்டது. பயத்துக்கும் விறைப்புக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது மெல்லியது. 'எல்லாம் உன்ட மனசிலதான்' என்று நோயாளியிடம் சொல்வது அநியாயம்.

பயத்தின் பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. பயந்தவர் நடையைக் குறைக்கிறார். கடைக்கும் ஓட்டோ, பள்ளிக்கும் மோட்டார் சைக்கிள். தசை பலமிழக்கிறது. பிறகு ஒருநாள் கொஞ்சம் நடந்தாலே நோகிறது. 'நான் சொன்னேனே' என்று பயம் ஜெயிக்கிறது.

பயத்தை வளர்ப்பதில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் பங்குண்டு. நோவே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்வு தெரிந்தது. தேய்வு பெரும்பாலும் நரைமுடி போலத்தான். அதைச் சொல்லாமல் 'எலும்பு தேஞ்சிட்டு' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்த மனுசன் எப்படிக் கைவீசி நடப்பார்?

நடை இங்கே மருந்தே. நாரி நோவு வந்து ஆறியிருந்த 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் லான்செட் இதழில் வெளியானது. நடைத் திட்டமும் விளக்கமும் பெற்றவர்களுக்கு நோவு திரும்பி வர இடைநிலையாக 208 நாளானது. பெறாதவர்களுக்கு 112 நாள். படிப்படியாகக் கூட்டி, வாரம் 5 நாள் 30 நிமிடம் என்பதே அவர்களின் இலக்கு.

கடற்கரை மணலில் தொடங்க வேண்டாம். சமதரையான வீதி போதும். வீதியில் நடக்கத் தோதில்லாத பெண்களுக்கு வளவுக்குள் நடப்பதும் நடைதான். தோளைத் தளர்த்துங்கள், கையை வீசுங்கள். நடந்தபின் சற்று நொந்து, மறுநாளைக்குள் தணிந்தால் அது சேதமல்ல. கதிரையில் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் பயத்தால் மட்டும் கதிரைக்குப் போனவர், ருகூஃவுக்கும் சுஜூதுக்கும் மெல்லத் திரும்பலாமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் அந்தச் சிகிச்சை இலவசம்.

கால் பலமிழந்தால், மறைவிடம் மரத்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்படாவிட்டால், காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேர்ந்து வந்தால், விழுந்து அடிபட்டபின் நோவு தொடங்கினால் நடந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.