பதிப்புரிமையும் தமிழாய்வும் : சில ஐயங்களும் தெளிவும்

தமிழாய்வு நூல்களின் வழியே நிகழ்வது. மூலத்தைப் படியெடுத்தலும், மேற்கோள் காட்டலும், பிறர் கருத்தை எடுத்துரைத்து உடன்படலும் மறுத்தலும் ஆய்வாளரின் அன்றாடத் தொழில்களாம். இவற்றுள் சட்டம் இசைவன எவை, தடுப்பன எவை என்னும் ஐயம் முதுகலை மாணவரிடத்தும் ஆய்வு மாணவரிடத்தும் மிகுதியாக நிலவுகின்றது. அதன் விளைவு இருவகைப்படும். ஒரு சாரார் அச்சம் மேலிட்டு, உரிமையுடன் எடுத்தாளக்கூடிய பகுதியையும் எடுத்தாளாது விடுகின்றனர். அரிதின் தொகுத்த பாடல்களையும் வெளியிடாது பெட்டியுள் வைத்து மூடுகின்றனர். மற்றொரு சாரார், இணையத்தில் கிடைப்பன எல்லாம் பொதுச்சொத்து எனக் கருதி, நேற்று வந்த நூலையும் முழுமையாகப் படியெடுத்துப் பரப்புகின்றனர். முன்னதால் அறிவு முடங்குகின்றது. பின்னதால் எழுதியவர் வருந்துகின்றார். ஆதலின் அடிக்கடி எழும் ஐயங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உரிமை எதன்மேல் அமைவது?

காப்புரிமை என்னும் சொல் தமிழில் இருபொருளில் வழங்குகின்றது. புத்தாக்கக் கருவிகளுக்குரிய உரிமையையும் நூலுக்குரிய உரிமையையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். மயக்கம் நீங்க, நூலுக்குரியதனைப் பதிப்புரிமை என்றே ஈண்டு வழங்குவோம். இவ்வுரிமை அச்சிடுதலோடு அமைவதன்று. மொழிபெயர்த்தல், நாடகமாக்கல், ஒலிப்பதிவு செய்தல், பொதுமக்கள்பால் பரப்புதல் ஆகியனவும் இதனுள் அடங்கும்.

இந்தியாவில் இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1957ஆம் ஆண்டுச் சட்டம். இது 1958 சனவரி 21 முதல் செயற்பட்டு வருகின்றது. 1983, 1984, 1992, 1994, 1999, 2012 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றுள்ளது. இதன்படி, நூல் எழுதப்பெற்ற அளவிலேயே உரிமை தோன்றிவிடுகின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. வழக்கு நேர்ந்தவிடத்துச் சான்றாக உதவுவதே பதிவின் பயன்.

கருத்திற்கு உரிமை இல்லை. கருத்தை வெளியிட்ட சொல்வடிவத்திற்கே உரிமை உண்டு. 1978இல் உச்சநீதிமன்றம், ஒரு நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இடையே எழுந்த ஆர்.ஜி. ஆனந்து வழக்கில் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தியது. ஆகவே, ஒருவர் சிலப்பதிகாரத்தைப் பற்றிக் கண்ட முடிபினை மற்றொருவர் தம் சொற்களால் எடுத்துரைப்பது பதிப்புரிமை மீறலாகாது. கண்டவர் பெயரைச் சுட்டாது விடின் அஃது ஆய்வறத்திற்கு மாறாம். சட்டக் குற்றம் வேறு, ஆய்வறக் குற்றம் வேறு என்பதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

கடிதங்களைப் பதிப்பிப்போர்க்கும் இங்கு ஒரு குறிப்பு உண்டு. கடிதத்தைப் பெற்றவர் அத்தாளுக்கே உரியவர். அதன் சொற்களுக்கு உரியவர் எழுதியவரே. ஆதலின் பெற்றவர் குடும்பத்தாரின் இசைவு மட்டும் பதிப்பிற்குப் போதாது.

2. உரிமை எத்துணைக் காலம் நிற்கும்?

ஆசிரியர் பெயரால் அவர் வாழ்நாளில் வெளிவந்த நூலுக்கு, அவர் வாழ்நாளும், மறைந்த ஆண்டினை அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் அறுபது ஆண்டுகளும் உரிமை நிற்கும். முன்னர் இக்காலம் ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1941இல் மறைந்தவர். அவர் நூல்களின் உரிமை 1991 இறுதியில் முடியவிருந்த நிலையில், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் காலம் அறுபதாக நீட்டிக்கப்பெற்றது. 1942இல் மறைந்த உ. வே. சாமிநாதையர் எழுத்துக்கள் இந்நீட்டிப்பினுள் வந்தமையால், அவற்றின் காலம் 2002 இறுதியோடு முடிந்தது.

திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வூரினரான பி. ஆர். ராஜமையர் 1898இல் இளமையிலேயே மறைந்தார். விவேக சிந்தாமணியில் 1893 முதல் தொடராக வந்த அவர்தம் கமலாம்பாள் சரித்திரத்தின் உரிமை, எவ்விதிப்படி கணக்கிடினும், சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் முடிந்துவிட்டது. அதனை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். அதே ஊரோடு பிணைந்து வாழ்ந்தவர் ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, அவர் மறைந்தது 1998இல். வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, அவர்தம் நூல்களின் உரிமை 2058 முடியும் வரை நிற்கும். ஓரூர் எழுத்தாளர் இருவர். அவர்தம் நூல்களை ஆய்வாளர் அணுகும் முறையோ வேறு.

விதிவிலக்குகளும் உள. ஆசிரியர் பெயர் அறியப்படாத நூலுக்கும், ஆசிரியர் மறைந்தபின் முதன்முதல் வெளிவரும் நூலுக்கும் அறுபது ஆண்டுகள் வெளியீட்டு ஆண்டிலிருந்து எண்ணப்பெறும். மறைந்த எழுத்தாளரின் நாட்குறிப்பைக் கண்டெடுத்துப் பதிப்பிப்போர் இதனைக் கருதல் வேண்டும்.

3. நாட்டுடைமை என்பது யாது?

உரிய காலம் முடியுமுன்னரே ஒரு நூலின் உரிமையை அரசு பெற்று மக்களுக்கு வழங்குதலே நாட்டுடைமையாக்கம். இம்முறைக்குத் தமிழகத்தில் வழிவகுத்தது பாரதியார் வழக்கு. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து அவர்தம் இளவல் சி. விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையோ வணிகர் ஒருவர் வழியாக ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1948இல் வெளிவந்த பில்கணன் திரைப்படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியமை பற்றி டி. கே. எஸ். சகோதரர்களுக்கும் உரிமையாளருக்கும் பூசல் எழுந்தது. நாட்டுக்குப் பாடிய கவிஞன் பாட்டை நாட்டார் பாட இசைவு வேண்டுமோ என்னும் கேள்வி எங்கும் ஒலித்தது. மெய்யப்பர் தம் உரிமையைப் பொருள் பெறாது விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு உரிமையைப் பெற்றது. 1950களின் நடுப்பகுதியில் அஃது எல்லார்க்கும் பொதுவாயிற்று. சட்டப்படி காத்திருப்பின் 1971 இறுதி வரை காத்திருத்தல் வேண்டும். இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தனிநூலாகவே விரித்தெழுதியுள்ளார்.

பின்னர்ப் பாரதிதாசன், புதுமைப்பித்தன் முதலியோர் நூல்களும் நாட்டுடைமையாயின. உரிமையாளர்க்கு அரசு ஒரு தொகை வழங்குவது பெருவழக்கு, 2024இல் மு. கருணாநிதியின் நூல்கள் தொகையின்றியே நாட்டுடைமையாயின.

நாட்டுடைமையான நூலை எவரும் அச்சிடலாம். ஆயினும் ஆசிரியர் பெயரை மறைக்கவோ, பாடத்தைச் சிதைக்கவோ அஃது இசைவு தருவதில்லை. எவரும் அச்சிடலாம் என்றபின் பிழை மலிந்த பதிப்புக்களும் தோன்றுதல் இயல்பு. நாட்டுடைமையான நூலுக்குச் செம்பதிப்பின் தேவை குறைவதில்லை, மிகுகின்றது.

4. மேற்கோளுக்கு எல்லை உண்டோ?

சட்டத்தின் 52ஆம் பிரிவு, இசைவு பெறாமலே செய்யத்தக்கனவற்றைத் தொகுத்துரைக்கின்றது. ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பயன், திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றின் பொருட்டு நேரிய முறையில் கையாளுதல் அவற்றுள் முதன்மையானது. அமெரிக்கச் சட்டம் நான்கு அளவுகோல்களைத் தந்து, எந்நோக்கமாயினும் அவற்றால் ஆராய்க என்கின்றது. நம் சட்டமோ நோக்கங்களை முன்னரே வரையறுத்து, அவற்றுள் அடங்கினால்தான் நேர்மையை ஆராய்கின்றது. ஆதலின் அமெரிக்க நூல்களிற் காணும் விளக்கத்தை அப்படியே நமக்குப் பொருத்துதல் தவறாம்.

எத்துணை வரி எடுக்கலாம் என்பதற்கு இந்நேரிய கையாளல் விதியில் எண் கணக்கு எதுவும் இல்லை. ‘பத்து விழுக்காடு வரை எடுக்கலாம்’ என்று மாணவர் கூறுவது, பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த கருத்துத் திருட்டு ஒழுங்குமுறையோடு பதிப்புரிமையைக் கலந்து மயங்கியதாகலாம். ஆய்வேட்டின் ஒப்புமை அளவைப் பற்றியதே அவ்வெண். பதிப்புரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு கவிதை நான்கே அடியாயின், திறனாய்வின் பொருட்டு அந்நான்கையும் தருதல் நேரியதாகலாம். நூறு பக்க நூலில் ஐந்து பக்கத்தை ஒரு சொல் விளக்கமும் இன்றி எடுத்து வைத்தல் நேரியதாகாது. மேற்கோள் எதற்குப் பயன்படுகின்றது என்பதே உரைகல்.

கற்பித்தற்கெனத் தனி விதியும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்துப் படிக்கடை ஒன்று பாடப்பகுதிகளைத் தொகுத்து மாணவர்க்கு அளித்தமை பற்றி, ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவ்வாண்டு திசம்பரில் இருவர் அமர்வு, வழக்கின் சில கூறுகளை மீண்டும் ஆராயப் பணித்தது. ஆயினும், கற்பித்தலின் நோக்கத்திற்கு வேண்டிய அளவு படியெடுக்கலாம். பக்கக் கணக்கால் அதனை அளத்தல் வேண்டா என்னும் கொள்கையை அதுவும் உறுதி செய்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இது பெருந்துணை. எனினும், கற்பித்தலோடு தொடர்பின்றி முழுநூலைப் பலர்க்கும் அனுப்புதற்கு இத்தீர்ப்பைத் துணைகொள்ளல் ஆகாது.

5. பழைய நூலின் புதிய பதிப்பு

புறநானூற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆயின் அண்மையில் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பின் முன்னுரை, உரை, குறிப்பு, அகராதி ஆகியவற்றுக்கு உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பாசிரியர் தேர்ந்த பாடம். 2007 திசம்பரில் உச்சநீதிமன்றம், தீர்ப்புத் தொகுப்புக்கள் பற்றிய ஈசுடர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பு மட்டும் உரிமை தாராது. திறமும் தேர்வும் ஓரளவேனும் ஆக்கத்தன்மையோடு விளங்குதல் வேண்டும் என்றது. பொதுவான மூலத்திற்கு எவரும் உரிமை கொண்டாடல் இயலாது; பத்தி பிரித்து எண்ணிடுதல் போன்ற தேர்வுப் பணிக்கு உரிமை உண்டு என்றும் முடிபு செய்தது. இதனைச் சுவடிப் பதிப்போடு பொருத்தி நோக்குங்கால் ஓர் அருமைப்பாடு தோன்றுகின்றது. தாம் தேர்ந்த பாடம் புலவர் வாய்மொழியே என்று நிறுவுதல் பதிப்பாசிரியர் குறிக்கோள். அதனைத் தம் ஆக்கம் என்று உரிமை கொண்டாடின், அக்குறிக்கோளையே அவர் மறுத்தவராவார். ஆதலின் பாடத்தை எடுத்தாள்வோர் எப்பதிப்பு என்பதைச் சுட்டுதலும், குறிப்பையும் உரையையும் இசைவின்றி மறுபதிப்புச் செய்யாமையும் தக்க நெறியாம்.

6. வாய்மொழிப் பாடல் யாருடையது?

நத்தம் வட்டாரத்தில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும், மாரியம்மன் மாசித் திருவிழாவிற் பாடப்பெறும் பாட்டும் தொகுக்க முற்படும் மாணவர்க்கு இவ்வினா முதன்மையானது. வழிவழியாக வரும் பாட்டுக்கு ஆசிரியர் அறியப்படார். அதன்மேல் எவர்க்கும் தனியுரிமை இல்லை. தொகுத்தவர்க்கும் இல்லை. ஆயின் பாடியவர்க்குத் தம் பாடுதலின்மேல் நிகழ்த்துநர் உரிமை உண்டு. இப்பொழுது அஃது ஐம்பது ஆண்டுகள் நிற்பது. அவர் இசைவின்றிப் பதிவு செய்தலும், ஒரு நோக்கத்திற்குப் பெற்ற பதிவை வணிகத்திற்குப் பயன்படுத்தலும் கூடா. தாமே கட்டிய பாட்டைப் பாடினாராயின், அவர் நிகழ்த்துநர் மட்டுமல்லர், ஆசிரியரும் ஆவார். எழுத்தறியாமை ஆசிரியத்தன்மைக்குத் தடையன்று.

ஆகவே, களப்பணி மேற்கொள்வோர் பதிவின் தொடக்கத்திலேயே பாடுநரின் பெயர், ஊர், நாள், பதிவின் நோக்கம் ஆகியவற்றைக் கூறி, அவர் இசைவை அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுதல் நன்று. நூலாக வெளியிடுங்கால் பாடுநர் பெயர் முன்னுரையின் நன்றிப் பட்டியலில் மறையாது, அவரவர் பாட்டின்கீழ் நிற்றல் வேண்டும்.

7. திறந்த உரிமம்

பதிப்புரிமையைத் துறவாமலே, இன்ன இன்ன செயல்களுக்கு எல்லார்க்கும் இசைவு தந்தேன் என்று ஆசிரியர் முன்னரே அறிவிப்பது திறந்த உரிமம். 2001இல் தோன்றிய படைப்பாக்கப் பொதுமங்கள் அமைப்பின் உரிமங்கள் இவற்றுட் பெருவழக்கின. ஆசிரியர் பெயரைச் சுட்டுக, வணிகத்திற்குப் பயன்படுத்தற்க, மாற்றற்க, மாற்றின் அதே உரிமத்தில் வெளியிடுக என்னும் நான்கு கூறுகளின் சேர்க்கையால் ஆறு உரிமங்கள் அமைகின்றன. ஒருமுறை அளித்த இசைவை, நிபந்தனைப்படி நடப்பவரிடமிருந்து திரும்பப் பெறல் இயலாது. ஆதலின் எண்ணித் துணிதல் வேண்டும்.

தமிழுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் உரிமை முடிந்த நூல்களை இணையத்தில் ஏற்றி வழிகாட்டியது. பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் படிகளை வழங்க, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் விக்கிமூலத்தை அடைந்தன. தமிழ் விக்கிப்பீடியாவும் திறந்த உரிமத்திலேயே இயங்குகின்றது. இவையெல்லாம் உரிமை தெளிந்து செய்த பணிகள். ‘இணையத்தில் இருக்கின்றது’ என்பது மட்டும் உரிமை அறிவிப்பாகாது.

8. ஆய்வாளர் தம் நூலை வெளியிடுங்கால்

பிறர் உரிமையை மதிக்கும் ஆய்வாளர் தம் உரிமையை அறியாதிருத்தலும் காண்கின்றோம். உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்தோடு அமைதல் வேண்டும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காலம் குறிக்கப்பெறாத ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கே செல்லும். நிலப்பரப்புக் குறிக்கப்பெறாவிடின் இந்தியாவிற்கே செல்லும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பெற்ற உரிமையைப் பதிப்பாளர் ஓராண்டிற்குள் பயன்படுத்தாவிடின் அவ்வுரிமை ஆசிரியரிடமே மீளும். கையொப்பமிடுமுன் இவற்றைக் கருதுவார்க்குப் பின்னர் வருந்த நேராது.

9. முடிபு

ஆய்வாளர் எந்நூலைக் கையில் எடுப்பினும் நான்கு வினாக்களை முறையே எழுப்புதல் வேண்டும். உரிமையின் காலம் முடிந்ததா? முடியாவிடின், நாட்டுடைமையாயிற்றா? ஆகாவிடின், திறந்த உரிமம் பெற்றுள்ளதா? பெறாவிடின், நம் பயன் 52ஆம் பிரிவினுள் அடங்குமா? இந்நான்கிற்கும் இல்லை என்பதே விடையாயின், உரியவர்க்கு ஒரு கடிதம் எழுதி இசைவு கேட்டலே வழி. நான்கனுள் ஒன்றற்கேனும் ஆம் என்னும் விடை கிடைப்பின், அவ்விடை தரும் எல்லைக்குள் அஞ்சாது எடுத்தாளலாம். எவ்விடை வரினும் ஆசிரியர் பெயரைச் சுட்டுதல் மட்டும் மாறாக் கடன்.